தூறல் டிவியின் கை

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இவரு ஆல்பம் பிரிண்ட் வாங்கப் போயிருக்காரு, கல்யாணப் பார்ட்டி அவசரப்படுத்துறாங்க. வந்துருவாரு. நீங்கதானே காலைல போன் பண்ணது? அம்மா பேருல மெஸ் தொறக்கப் போறேன், லோகோ அசையற மாதிரி வேணும்னு? நாந்தான் போனை எடுத்தேன்.

அம்மா தோசை ஊத்துற வீடியோ இருக்கு, அந்தக் கையிலேருந்தே கடைப் பேரு சுழண்டு வரணும்னு சொன்னீங்கல்ல. அம்மா தவறி ரொம்ப நாளாச்சா?

ம்.

பண்ணிரலாம். இவரு பிரமாதமாப் பண்ணுவாரு. ஒரு படம், ஒரு பேரு, ரெண்டையும் சேத்து அசைய வைக்கிறதுல இந்தத் திண்டுக்கல்ல இவரை அடிச்சுக்க ஆளில்ல. நகைக்கடை விளம்பரத்துல மயிலு தோகைய விரிச்சதும் தோகையில இருக்குற கண்ணெல்லாம் எழுத்தா மாறுமே, அது இவரு செஞ்சதுதான். ஆனா நீங்க அம்மா கைன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. வேணாம்னு சொல்ல வரல. வீடு தேடி வர்ற வேலைய எவளாவது வேணாம்பாளா? கேட்டு வச்சுக்கங்க, அவ்வளவுதான்.

தூறல் டிவி பாத்திருப்பீங்க. நம்மூரு கேபிள் சேனல். பழைய பாட்டு, காய்கறி மார்க்கெட் நிலவரம், காதுகுத்து வாழ்த்து எல்லாம் வரும். அதுக்கு நடுவுல நடுவுல லோகோ வரும். மாடிக் கம்பிக்கு வெளிய ஒரு பொம்பளக் கை நீளும், உள்ளங்கை மேல பாத்தாப்புல. ஒரு துளி விழும். இன்னொண்ணு விழும். கை நெறைஞ்சு வழியும். வழியிற தண்ணி கீழ எறங்கி ‘தூ’ன்னு நிக்கும், ‘ற’ன்னு நிக்கும், ‘ல’ன்னு நிக்கும். கடைசியா விரல் நுனியிலேருந்து ஒரே ஒரு துளி, அது வந்து ‘ல’ தலைமேல புள்ளியா உக்காரும். டிங்குன்னு ஒரு சத்தம். கை மறைஞ்சிரும். பேரு மட்டும் நிக்கும். லோகோன்னா கடைசில பேருதான் நிக்கணுமாம், இவரு சொல்வாரு.

இப்ப ஓடுறது புதுசு. நான் சொல்றது பழசு. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தப் பழைய கைய கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வத்தலக்குண்டுல எங்க வீட்டுலயும் தூறல் டிவிதான் ஓடும். எங்கம்மா, “அந்தக் கைய பாருடி, என்ன லட்சணம். உனக்கும் இருக்கே, மொறம் மாதிரி”ன்னு சொல்லும். நானும் சிரிப்பேன். எனக்கு வரன் தட்டித் தட்டிப் போயி வயசு முப்பதைத் தாண்டிருச்சு. அப்பதான் இவரு ஜாதகம் வந்துச்சு. மொத சம்சாரம் மூளைக் காய்ச்சல்ல தவறிட்டாங்க, புள்ளகுட்டி இல்ல, சொந்தத் தொழில், கெட்ட பழக்கம் கிடையாதுன்னு தரகர் சொன்னாரு. எங்கம்மா யோசிச்சுச்சு. அப்புறம் அவரே, “தூறல் டிவில கை வருமே, அது மாப்ள செஞ்சதுதாம்மா”ன்னாரு. அவ்வளவுதான், எங்கம்மா மொகம் மலர்ந்துருச்சு. எனக்கும்தான். பொண்ணு பாக்க வந்தப்ப நான் அவரைப் பாக்கல, அவரு விரலைத்தான் பாத்தேன். இந்த விரலா அந்தத் துளிய எழுத்தாக்குச்சுன்னு.

கல்யாணமாகி வந்து, வீட்டுல வேலையெல்லாம் முடிச்சுட்டு மத்தியானம் டிவி முன்னாடி உக்காருவேன். பக்கத்து வீட்டு லீலாக்கா பூக் கட்ட வருவாங்க. ஒருநாள் லோகோ ஓடி முடிஞ்சுச்சு. அக்கா பூவைத் தொடுக்குறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க.

“பரமு, தெனம் பாக்குறியே. உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“என்ன தோணணும்?”

“உனக்குச் சொல்லலையா? அது சுகந்தி கைடி.”

சுகந்திங்கிறதுதான் மொத சம்சாரம் பேரு.

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. செத்தவங்க மேல என்ன பொறாமை. நான் அப்படிப்பட்ட ஆளும் கிடையாது. ஆனா அதுவரைக்கும் டிவில வந்துட்டுப் போன கை, அன்னைக்கு அப்புறம் போகல. பல்லு வலின்னு டாக்டர் வீட்டுக்குப் போனா செவுத்துல டிவி, அதுல கை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைல கை. எங்கம்மா வீட்டுக்குப் போனா அங்கயும் நடுக்கூடத்துல அது. படத்தைப் பாக்காம இருக்கலாம், அந்த டிங்குங்குற சத்தத்தை என்ன பண்றது? லீலாக்கா வீட்டு டிவி எங்க அடுப்படிச் செவுத்துக்கு அந்தப் பக்கம். நான் கொழம்புக்கு உப்பு போடுறப்ப டிங். போட்டனா இல்லையான்னு மறந்துரும்.

எங்க வீட்டு டிவிய உள் ரூமுக்கு மாத்துனேன். அது வேற காரணம், கூடத்துல ஜன்னல் வெளிச்சம் பட்டு கண்ணு கூசுச்சு.

இவருகிட்ட கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்ல. “ஆமா, சுகந்தி கைதான். சேனல்காரங்க திடீர்னு கேட்டாங்க, அன்னைக்குப் பாத்து நல்ல மழை. மாவு பெசஞ்சுட்டு இருந்தா, கையக் கழுவிட்டு வந்து நீட்டச் சொன்னேன்”னாரு. சொல்லிட்டு மவுஸைத் தட்டிட்டே இருந்தாரு.

“எங்க வச்சு எடுத்தீங்க?”

“இங்கதான். நம்ம பால்கனில.”

அதுதான் தம்பி, அதைத்தான் நான் கேட்டிருக்கக் கூடாது. அந்த பால்கனிலதான் நான் துணி காயப்போடுவேன். அந்தக் கம்பி மேல கைய வச்சுட்டு தெருவைப் பாப்பேன். அப்புறம் மழை வந்தா அந்தக் கதவைச் சாத்திருவேன். வெளிய கை நீண்டிருக்கும்னு தோணும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு, இப்ப நெறைஞ்சிருக்கும், இப்ப வழியும்னு நெனச்சுட்டிருப்பேன். ஒரு தடவை துணியெல்லாம் வெளிய நனையுது, இவரு வந்து, “ஏன் பரமு, எடுக்கலையா?”ங்கிறாரு. தூங்கிட்டேன்னு சொன்னேன். நான் கதவுகிட்டயே நின்னுட்டிருந்தேன்.

இன்னொண்ணும் சொல்றேன். அந்தக் கையில சுண்டுவிரல் லேசா மடங்கியிருக்கும். சின்ன வயசுல கதவுல நசுங்குனதாம். கூர்ந்து பாத்தாதான் தெரியும். எனக்கு அது மட்டும்தான் தெரிய ஆரம்பிச்சுச்சு. விழுற துளி தெரியல, எழுத்து தெரியல, அந்த விரலு.

காபி ஆறுது, குடிங்க.

சேனல் ஓனர் வீட்டம்மாவ ஒரு வளைகாப்புல பாத்தேன். பந்தில பக்கத்துல உக்காந்தாங்க. பேச்சு வாக்குல, “லோகோ இப்பல்லாம் கொஞ்சம் மங்கலாத் தெரியுதுல்லக்கா? இப்ப வர்ற பெரிய டிவிலல்லாம் நல்லாவே தெரிய மாட்டேங்குது”ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மாத்தச் சொல்லல. உண்மையிலயே மங்கலாத்தான் இருந்துச்சு. பழைய கேமராவுல எடுத்தது.

அடுத்த வாரமே இவருக்குப் போன் வந்துருச்சு. அதே கை, அதே மழை, அதே எழுத்து இருக்கட்டும், மக்களுக்குப் பழகிருச்சு, ஆனா புதுசா பளிச்சுன்னு எடுத்துக் குடுங்கன்னு. இவரு நாளைத் தள்ளிட்டே இருந்தாரு. பழசையே தொடச்சு மெருகேத்திப் பாத்தாரு. சேனல்காரங்க ஒத்துக்கல. ஒருநாள் சாப்பிட்டுட்டு இருந்தப்ப சோத்தைப் பாத்துட்டே கேட்டாரு.

“நீ நீட்டுறியா?”

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. சந்தோசம்தான். பின்ன? ஊரே பாக்கப் போற கை. எங்கம்மா மொறம்னு சொன்ன கை. மருதாணி வச்சுக்கவான்னு கேட்டேன், வேணாம்னாரு. புது வளையல் போடவான்னேன். வேணாம், ரெண்டு கண்ணாடி வளையல் போதும்னாரு.

மழை இல்ல. செடிக்குத் தண்ணி ஊத்துற பூவாளிய ஒரு கைல தூக்கிப் பிடிச்சுட்டு, இன்னொரு கையால கேமராவப் பாத்துக்கிட்டாரு. நான் கதவுக்குள்ள நின்னு கைய மட்டும் வெளிய நீட்டுறேன். “கொஞ்சம் கீழ”ங்கிறாரு. “விரலை விரிக்காத.” “இன்னும் வெளிய.” “தோள்பட்டைய விட்டுரு.” ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல எனக்குப் புரியுது, என் கைய எங்க கொண்டு போறாருன்னு. பாத்துப் பாத்து மனப்பாடமான கைதானே. அவரு சொல்றதுக்கு முன்னாடியே நானே கொண்டு போயி வைக்கிறேன். தண்ணி விழுது. அப்போ சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் வேணும்னு பண்ணல, என் சுண்டுவிரலு தானா மடங்குச்சு.

பூவாளி அப்படியே நின்னுருச்சு. தெருவுல போற வண்டிச் சத்தம் கேக்குது.

“அப்படியே வையி”ன்னாரு.

அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. என்கிட்ட அவரு அன்பாத்தான் பேசுவாரு, கொறை சொல்ல முடியாது. ஆனா அது வேற குரல். என்கிட்ட பேசுன குரல் இல்ல அது. நான் கைய அசைக்கல. திரும்பத் திரும்ப எடுத்தாரு. பூவாளி காலியாகும், போயி ரொப்பிட்டு வருவாரு, “அப்படியே வையி”ம்பாரு. எறக்குன்னு சொல்லவே இல்ல. நானும் எறக்கல.

லோகோ அருமையா வந்துச்சு. துளி வழியிறதும் எழுத்தாகுறதும், கண்ணாடி மாதிரி. ஊருல ஒருத்தரும் கை மாறுனதைக் கண்டுபிடிக்கல. லீலாக்காவே, “பளிச்சுன்னு பண்ணிட்டாரே”ன்னு மட்டும்தான் சொன்னாங்க. அது என் கைன்னு நான் எங்கம்மாகிட்டச் சொன்னேன். “போடி, உன் கையா இது”ன்னுருச்சு.

அப்பதான் பாக்கியத்தம்மா போன் பண்ணாங்க. அவங்க யாருன்னா, சுகந்தியப் பெத்தவங்க. பேகம்பூர் பக்கம் தனியா இருக்காங்க. மகன் திருப்பூர்ல. இவரு மாசா மாசம் போயி பாத்துட்டு வருவாரு. நான் போனதில்ல. யாரும் கூப்பிடல, நானும் கேக்கல. போன்ல அவங்க கொரலு எனக்கே வெளிய கேக்குது. “மாப்ள, இப்ப என் புள்ள நல்லாத் தெரியுறா மாப்ள. முன்னெல்லாம் புகை மாதிரி இருந்துச்சு. இப்ப பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கா. நல்லா இருப்பீங்க.”

இவரு, “சரிங்க அத்தை, சரிங்க அத்தை”ன்னாரு. வச்சுட்டாரு.

“சொல்ல வேண்டியதுதானே?”ன்னேன்.

“நீ சொல்றியா?”ன்னு கேட்டாரு.

நானே போறேன்னு கெளம்புனேன். சொல்லிரணும்னுதான் போனேன். ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போனேன். கதவைத் தொறந்து, “யாரு?”ன்னாங்க. இவரு பேரைச் சொல்லி, குணசேகர் வீட்டுலேருந்துன்னேன். மொகத்தைக் கிட்டத்துல கொண்டாந்து பாத்தாங்க. அப்பவே தெரிஞ்சுச்சு, ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து வெள்ளையா இருக்கு. “பரமேஸ்வரியா? வாம்மா, வா. இத்தனை நாளா வரலியே”ன்னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. டிவி ஓடுது. அதுக்கு முன்னாடி ஒரு மொழம் தூரத்துல ஒரு முக்காலி. அதுலதான் உக்காருவாங்க போல.

பேசிட்டு இருக்கும்போதே லோகோ வந்துச்சு. பேச்சை நிறுத்திட்டு டிவிகிட்ட குனிஞ்சுட்டாங்க. முடிஞ்சதும் என்னைப் பாத்து சிரிச்சாங்க. “பாத்தியா? கொஞ்சம் சதை வச்சிருக்கா. போறப்ப எலும்பா இருந்தா. இப்பத்தான் பூசுனாப்புல இருக்கா.”

நான் கைய முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டேன்.

சொல்லல. எப்படிச் சொல்றது? நீங்களா இருந்தா சொல்வீங்களா? அடுத்த வாரமும் போனேன், சொல்லல. வீடு பக்கம்தான், பஸ்ஸு நேராப் போகுது, அதனால போயிட்டு வந்துட்டு இருந்தேன். காபி குடுத்தா உள்ளங்கை மேல தெரியாம டம்ளரை வாங்கிக்குவேன். அவங்களுக்குத்தான் தெரியப் போறதில்லையே, ஆனாலும். என்கிட்ட சுகந்தியப் பத்தியே பேசுவாங்க. அவ பூண்டு உரிக்கவே சோம்பேறித்தனப்படுவா, அவ சிரிச்சா மூக்கு செவந்துரும். நான் கேட்டுட்டு இருப்பேன். எனக்கு வேற வேலை இல்ல பாருங்க.

ஒருநாள் போறேன், கால்ல துணி சுத்தியிருக்காங்க. வடிச்ச கஞ்சிய சட்டிக்குள்ள ஊத்துறதா நெனச்சு கால்ல ஊத்திக்கிட்டாங்க. பொறங்கால் முழுக்கக் கொப்பளம். “ஒண்ணுமில்லம்மா, எண்ணெ தடவிட்டேன்”ங்கிறாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. வீட்டுக்கு வந்து, “அந்தம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணணும்”னேன்.

“கண்ணு தெரிஞ்சா…”ன்னாரு.

“தெரிஞ்சா?”

“அதுவும் தெரியும்ல பரமு.”

“அடுத்த தடவை மொகத்துல ஊத்திக்கிட்டா?”

அவரு எந்திரிச்சு ஸ்டுடியோவுக்குப் போயிட்டாரு. நான் திருப்பூர் மகன்கிட்ட போன்ல பேசினேன். நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கான்னுட்டாரு. கூட்டிட்டுப் போனேன். மொதல்ல வலது கண்ணு. பாவம், ஆபரேசனுக்கு உள்ள போறப்ப பயந்து என் கையத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கைய நான் எடுக்கல.

மறுநாள் கட்டுப் பிரிச்சாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டு வெளிய கூட்டிட்டு வந்தாங்க. சொட்டு மருந்து வாங்கணும், வரவேற்பறைல உக்காந்திருந்தோம். செவுத்துல டிவி. நான் வேணும்னே டிவிக்கு முதுகு காட்டுற நாற்காலில அவங்களை உக்கார வச்சேன். அவங்க கண்ணாடிய கழட்டிட்டு எல்லாத்தையும் பாக்குறாங்க. தரையில இருக்குற பூப்போட்ட கல்லு, எதுத்தாப்புல உக்காந்திருக்குற புள்ளையோட சட்டைப் பித்தான். “உனக்கு மூக்குல மச்சம் இருக்கா?”ன்னு என்கிட்ட கேட்டு சிரிக்கிறாங்க. சின்னப் புள்ள மாதிரி. கண்ணாடிய போடுங்கம்மான்னு சொல்லிட்டே இருக்கேன், கேக்கல.

பின்னாடி டிங்குன்னுச்சு.

திரும்பிட்டாங்க. லோகோ ஓடி முடிஞ்சு பேரு மட்டும் நிக்குது. அவங்க திரும்புனது திரும்புனபடியே உக்காந்திருந்தாங்க. ஒரு பாட்டு முழுசா ஓடுச்சு. அதுக்கப்புறம் ஒரு விளம்பரம். போலாமான்னேன். இருன்னாங்க. மறுபடியும் லோகோ வந்துச்சு. கை நீண்டுச்சு, தண்ணி நெறைஞ்சுச்சு, எழுத்து எறங்குச்சு. அவங்க கண்ணை மூடவே இல்ல.

“இது சுகந்தி இல்ல”ன்னாங்க.

நான் மருந்துச் சீட்டை மடிச்சுட்டே இருந்தேன்.

“சுகந்திக்கு உள்ளங்கையில கோடு இப்படி ஓடாது. அவ கை நீளக் கை. மாப்ள ஆளை மாத்திட்டாரு போல.” அழல தம்பி. அழுவாங்கன்னு நெனச்சேன், அழல. அந்தப் பேரு மறையுற வரைக்கும் பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.

“யாரு பெத்த புள்ளையோ”ன்னாங்க. “ரொம்ப நேரம் நீட்டிட்டே நிக்க வச்சுட்டாங்க போல. கை நடுங்குச்சு பாரு, பாவம்.”

நான் நூறு தடவை பாத்திருக்கேன் அந்த லோகோவ. இவரு ஒவ்வொரு படமா நிறுத்தி நிறுத்திப் பாத்து செஞ்சாரு. ஊரே பாக்குது, ஒருத்தரும் சொல்லல.

எனக்கு ஒண்ணும் இல்ல, அங்க ஒரே மருந்து நெடி. ஆட்டோ வந்துருச்சான்னு பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டேன். வெளிய போயி, வாசல் கேட்டுகிட்ட கொஞ்ச நேரம் நின்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான் எந்த ஆட்டோவுக்கும் சொல்லவே இல்லன்னு.